இமைமுடி

ஜூன் பிறந்தால் டிராம்பேயில்
உப்பு ஜாடி கசிகிறது.
கண்ணுக்குத் தெரியாத லேசரைப் பச்சையாக்கும்
படிகமும் ஒரு வகை உப்புதான் என்பதால்
சாவந்த் அதைப் போர்த்தி, சூடுகாட்டி,
பிள்ளை பெற்றவளைக் காப்பதுபோல் காக்கிறான்.

என் வேலை அதைவிடச் சின்னது.
கண்ணாடிக் குமிழி.
கடுகைப் பக்கத்தில் வைத்தால்
கடுகு பூசணிக்காய்.
நன்றாக மூச்சு விட்டால் போய்விடும்.
ஆகவே ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை
பாதி மூச்சில் வாழ்கிறேன்.

இடுக்கி உடைக்கிறது.
ஊசி, ஒட்டிக்கொண்டதை இறக்கிவிடாது.
எல்லாம் பார்த்துவிட்டு
வலது கண்ணின் இமைமுடி ஒன்றைப் பிடுங்கி
மருந்து சுரண்டிய தீக்குச்சியில் ஒட்டினேன்.
அதற்கு மட்டும் பணிந்தது.

கொள்முதல் பிரிவில் படிவம் தந்தார்கள்.
கருவியைத் தயாரித்தவர்?
செண்பகவல்லி, சுனாபட்டி.
உத்தரவாதம்?
கோடு போட்டுவிட்டேன்.

குமிழிக்குக் கதவு கிடையாது.
மூன்று நாள் உலையில் வைத்தால்
டியூட்டீரியம் சுவருக்குள்ளேயே வழி பார்த்து
உள்ளே போய்விடும்.
ஆறிய பிறகு திரும்பத் தெரியாது.
கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசிலிருந்து
அப்பா இந்த ஊருக்குள் வந்ததும்
கிட்டத்தட்ட அப்படித்தான்.

போன செவ்வாய் ஒன்று தொலைந்தது.
ஆறு வார வேலை. யாரும் தும்மவில்லை.
ஒட்டும் நாடாவால் தரையை
முழம் முழமாக உரித்துப் பார்த்தோம்.
மான்குர்டில் ரயிலேறிய பிறகும் அதே நினைப்பு.
என் துப்பட்டா மடிப்பில் இருக்கலாம்.
எதிரே மீன்கூடையோடு நிற்கும்
அம்மாளின் முழங்கைக்கு மாறியிருக்கலாம்.
நான் சுனாபட்டியில் இறங்கிவிட்டேன்.
அது வி.டி. வரை
டிக்கெட் இல்லாமல் போயிருக்கும்.

இன்று ஷாட்.
மின்தேக்கிகள் நிரம்ப நிரம்ப
கூடத்தின் ஓசை மேலே ஏறுகிறது,
காதருகே வந்த கொசு
மனம் மாறாமல் நிற்பதுபோல்.
ஷுபாங்கி பின்னோக்கி எண்ணுகிறாள்.
பாச், சார், தீன்.
இங்கிலீஷில் எண்ணினால் பதற்றமாம் அவளுக்கு.

நான்கு கதிர்கள்.
நான்கும் ஒரே குமிழியின் மேல்.
இமைப்பொழுது என்கிறோமே,
அதை முப்பது கோடியாக நறுக்கி
ஒரு துண்டை எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவு நேரம்.
வெளித்தோல் கிழிந்து பாய,
அந்த உதைப்பில்
உள்ளிருந்தது தன் மேலேயே இடிந்து விழ,
கோடி டிகிரி.

திரையை முறைத்துக்கொண்டுதான் இருந்தேன்.
நடுவில் இமைத்தேனா, தெரியவில்லை.
இமைத்திருந்தாலும் இமைக்காவிட்டாலும்
தவறவிட்டது ஒன்றுதான்.

நியூட்ரான், எதிர்பார்த்தது மூன்று லட்சம்.
வந்தது பதினோராயிரம்.
ஒரு பக்கக் கதிர் இம்மி மெலிந்ததில்
குமிழி உருண்டையாக ஒடுங்காமல்
சப்பாத்தி மாவுபோல் பிதுங்கிவிட்டதாம்.
சாவந்த் மழையைத் திட்டினான்.
வேறு யாரும் யாரையும் பார்க்கவில்லை.
இத்தனை மின்சாரம் தின்று கொடுத்த சூட்டில்
கட்டிங் சாயின் ஒரு சொட்டுக்குக்கூட
ஆவி வராது.

லேசர் கண்ணாடிகள் ஆற மூன்று மணி நேரம்.
அதுவரை ஊருக்கு இருக்கிற சூரியன் போதும்
என்றாள் ஷுபாங்கி. அதுவும் அன்று வரவில்லை.
கேன்டீன் ஜன்னலில் மழை.
வடாபாவில் பச்சைமிளகாய் அதிகம்.

திரும்பிவந்து கையுறை, முகமூடி, அடுத்த குமிழி.
பழைய முடி வளைந்திருந்தது.
கழிப்பறைக் கண்ணாடிமுன் நின்று
இந்த முறை இடது கண்ணில் தேடினேன்.
நீளமான ஒன்று, வெடுக்கென்று.

அந்தக் கண்ணில் மட்டும் நீர் வந்தது.